ஏழு மீட்டர் ஃபைபர் படகுக்கு வைப்பர்: கார் மோட்டாரைப் போடலாமா?

தூத்துக்குடியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு மீட்டர் ஃபைபர் படகு, பின்னால் 60 ஹெச்பி அவுட்போர்ட் இன்ஜின், நின்றபடி ஓட்டும் சின்ன கேபின். முன்னால் இரண்டு தட்டைக் கண்ணாடி. ஒவ்வொன்றும் 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம். ஸ்டியரிங் வலது பக்கம். வாடைக்காற்று நாட்களில் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அடிக்கும் தண்ணீர் கண்ணாடியை மூடிவிடுகிறது. வீட்டில் பழைய கார் வைப்பர் மோட்டார் ஒன்று சும்மா கிடக்கிறது, அதை மாட்டலாமா, துளை எங்கே போடுவது, எந்த ஒயர் இழுப்பது, இடது பக்கக் கண்ணாடிக்கும் வைப்பர் வேண்டுமா என்பதுதான் கேள்வி.

வைப்பர் போடலாம், போடுங்கள். கார் மோட்டார் வேண்டாம். அதைவிட முக்கியமாக, வைப்பர் வாங்கும் முன்பே நல்ல தண்ணீர் பீய்ச்சும் பாட்டிலும் பம்பும் வாங்குங்கள். ஏனென்று சொல்கிறேன்.

ரோட்டில் வைப்பருக்கு வேலை மழை. கடலில் அதற்கு வேலை உப்பு. ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. கண்ணாடியில் தெறித்த தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் ஐந்து நிமிடத்தில் காய்ந்துவிடும், உப்பு மட்டும் வெள்ளைப் படலமாக நிற்கும். அடுத்த அலை வந்து அதைப் பாதி கரைக்கும்போது வைப்பரைப் போட்டால், ரப்பர் அந்தக் குழம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்க்கும், அவ்வளவுதான். எதிர் வெயிலில் முன்னால் இருக்கும் மிதவை கூடத் தெரியாது. முதலில் இரண்டு விநாடி நல்ல தண்ணீர், அப்புறம் வைப்பர் என்றால் நாலு தடவை ஓடினாலே கண்ணாடி தெளிந்துவிடும். பம்புக்கு, காரில் இருக்கும் சாதாரண 12 வோல்ட் வாஷர் பம்பே போதும். ஆனால் இரண்டு லிட்டர் பாட்டில் போதாது, ஐந்து லிட்டர் கேன் ஒன்றை கேபினுக்குள் கட்டி அதில் பம்பைப் பொருத்துங்கள். நான் பார்த்த படகுகளில் வைப்பர் போட்டும் பயனில்லை என்று சலித்துக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் இந்தத் தண்ணீர் ஏற்பாடு இல்லை.

சரி, அடுத்தது உங்கள் கண்ணாடி நிஜமாகவே கண்ணாடிதானா என்று பாருங்கள். சின்ன ஃபைபர் படகுகளில் பெரும்பாலும் அக்ரிலிக் ஷீட்தான், அதாவது கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்தான், போட்டிருப்பார்கள். நாணயத்தால் தட்டினால் கண்ணாடி 'டிங்' என்று ஒலிக்கும், அக்ரிலிக் மந்தமாக 'டொக்' என்று சொல்லும். அக்ரிலிக் என்றால் அதன் மேல் வைப்பர் ஓட்டாதீர்கள். ரப்பருக்கும் ஷீட்டுக்கும் நடுவே மாட்டும் மணலும் உப்பும் ஒரே சீசனில் விசிறி வடிவத்தில் கீறல் போட்டுவிடும். காலையில் கிழக்கே போகும்போது சூரியன் அந்தக் கீறல்களில் பட்டுச் சிதறி, நேர் எதிரே, நீங்கள் பார்க்க வேண்டிய இடத்திலேயே, வெள்ளையாக மின்னும். மேல்பூச்சு போட்ட பாலிகார்பனேட் என்ற இன்னொரு பிளாஸ்டிக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் அந்தப் பூச்சுக்கும் ஆயுள் உண்டு. ஸ்டியரிங் இருக்கும் வலது பக்கத்தையாவது 6 மி.மீ. டஃபன்ட் (சூளையில் பதப்படுத்திய) கண்ணாடியாக மாற்றிவிடுங்கள். உங்கள் அளவுக்கு அது நாலரை கிலோ வரும். அதே அளவு அக்ரிலிக் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். கூடுதலாக வரும் இரண்டரை கிலோவுக்கும் குறைவான எடை இந்தப் படகுக்கு ஒரு பொருட்டே இல்லை.

டஃபன்ட் கண்ணாடியில் ஒரே ஒரு விஷயம் மறக்கக்கூடாது. சூளையில் பதப்படுத்திய பிறகு அதை வெட்டவும் முடியாது, துளை போடவும் முடியாது. எனக்குத் தெரிந்த ஒருவர் புதுக் கண்ணாடியைப் பொருத்திவிட்டு, வைப்பரை ஆட்டும் தண்டுக்காக மூலையில் டிரில்லை வைத்தார். பிட் கால் அங்குலம்கூட இறங்கவில்லை, மொத்தமும் கல்கண்டாக மடியில் கொட்டியது. துளை வேண்டுமென்றால் ஆர்டர் கொடுக்கும்போதே இடத்தையும் விட்டத்தையும் வரைந்து கொடுக்க வேண்டும். எதற்கு வம்பு? தண்டைக் கண்ணாடியில் அல்லாமல், அதற்கு மேலே உள்ள ஃபைபர் பட்டையில் இறக்கிவிடுங்கள். ஏற்கெனவே இருப்பது டஃபன்ட்தானா என்று சந்தேகம் இருந்தால் மூலையில் அச்சடித்த முத்திரை இருக்கிறதா பாருங்கள். போலராய்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்த்தால் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரிந்தாலும் டஃபன்ட்தான்.

இப்போது மோட்டார். கார் மோட்டார் ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம், அது தனியாக வேலை செய்யும் பொருள் இல்லை. கார் பானெட்டுக்கு அடியில் கம்பி இணைப்புகளை ஆட்டி இரண்டு வைப்பர் கைகளை (பிளேடைத் தாங்கும் கம்பிகளை) அசைக்கச் செய்யும் அமைப்பு அது. அதைப் பிரித்து உங்கள் கேபின் நெற்றியில் பொருத்த இடமே இருக்காது. இரண்டாவது, பல வண்டி மோட்டார்களில் உடம்புதான் நெகட்டிவ். காரில் இரும்பு பாடி வழியாகக் கரன்ட் திரும்பிவிடும், ஃபைபர் படகில் அப்படி ஒரு பாடியே கிடையாது. தனி ஒயர் இழுத்துச் சமாளிக்கலாம்தான். ஆனால் இதைப் படிக்கும் யாராவது அலுமினியப் படகு வைத்திருந்தால் இந்த மோட்டாரை நினைத்தும் பார்க்க வேண்டாம். படகின் உடம்பு வழியாகக் கரன்ட் ஓடினால் தண்ணீருக்கு அடியில் இருக்கும் அலுமினியம் அரித்துப்போகும். மூன்றாவது, கார் வைப்பர் பிளேடு வளைந்த கண்ணாடிக்காகச் செய்தது. தட்டைக் கண்ணாடியில் அதன் அழுத்தம் எல்லா இடத்திலும் ஒரேபோல் விழாது. நடுவிலோ ஓரத்திலோ கோடு கோடாக விட்டுவிட்டுத் துடைக்கும்.

உங்களுக்கு வேண்டியது மோட்டார், கியர், தண்டு மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கும் வகை. டப்பா கேபினுக்குள் இருக்கும், தண்டு மட்டும் சுவரைத் துளைத்து வெளியே வரும். படகுக்கென்றே செய்து விற்கிறார்கள். கிடைக்காவிட்டால் டிராக்டர் கேபினுக்கும் மண் அள்ளும் வண்டிக்கும் வரும் மோட்டார் இதே அமைப்புதான். உதிரிபாகக் கடையில் கேட்டுப் பாருங்கள். வாங்கும்போது மல்டிமீட்டர் கொண்டுபோய் மோட்டாரின் உடம்புக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் நடுவே பீப் சத்தம் வருகிறதா பாருங்கள். எதிலும் வராவிட்டால் இரண்டு ஒயரும் தனித்தனி, அதுதான் நமக்கு நல்லது. தண்டு நீளமும் முக்கியம். ஒன்றரை அங்குலம், இரண்டரை அங்குலம் என்று பல அளவுகளில் கிடைக்கும். உங்கள் சுவர் கனம், உள்ளே வைக்கும் பலகை, சாய்வைச் சரிசெய்ய வெளியே வைக்கும் ஆப்பு எல்லாவற்றையும் கூட்டி அளந்துகொண்டு போங்கள்.

வீச்சுக் கோணம்தான் எல்லோரும் தவறும் இடம். 110 டிகிரி, 80 டிகிரி என்று எழுதியிருப்பார்கள், அதிகம் இருப்பதே நல்லது என்று வாங்கிவிடுவோம். உங்கள் கேபினில் தண்டு மேலிருந்து தொங்குகிறது. தண்டிலிருந்து பிளேடின் நடு வரைக்கும் 30 செ.மீ., பிளேடு நீளம் 30 செ.மீ. என்று வைத்தால், தண்டைச் சுற்றி 15 செ.மீ.க்குள் இருக்கும் பகுதியைப் பிளேடு தொடவே தொடாது. கண்ணாடியின் நடுவில் தண்டை வைத்தால் அந்தத் துடைக்காத அரைவட்டம் சரியாக நின்று ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே வரும். போதாததற்கு, வைப்பர் நிற்கும்போது பிளேடும் குறுக்கே நிற்கும்.

அதனால் தண்டை வலது தூண் பக்கம் தள்ளுங்கள். தூணிலிருந்து 10 செ.மீ. உள்ளே, கண்ணாடியின் மேல் விளிம்புக்கு 4 செ.மீ. மேலே. இந்த இடத்தில் 80 டிகிரி மோட்டார் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். ஒரு முனையில் பிளேடு ஏறக்குறைய தூணை ஒட்டி நிற்கும், மறு முனையில் கண்ணாடியின் இடது ஓரத்துக்கு ஒரு கை அகலம் மிச்சம் இருக்கும் வரை போகும். 110 டிகிரி போட்டிருந்தால் பிளேடின் உள்முனை மேல் சட்டத்தில் ஏறி இடித்திருக்கும். கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு அட்டையைப் பிளேடு அளவுக்கு வெட்டி, ஒரு குச்சியின் நுனியில் ஒட்டி, தண்டு வரும் இடத்தில் ஆணிக்குப் பதில் விரலால் அழுத்திப் பிடித்து வீசிப் பாருங்கள். கண்ணாடியில் மார்க்கரால் வளைவை வரைந்துவிட்டு ஸ்டியரிங்கில் நின்று பாருங்கள். உங்களைவிட உயரம் குறைந்தவர் யாராவது படகு ஓட்டுவதாக இருந்தால் அவரையும் நிறுத்திப் பாருங்கள்.

துளை போடுவது ஒரு மணி நேர வேலை, ஆனால் அவசரப்பட்டால் கேபின் அழுகும். ஃபைபர் சுவர் என்று நாம் சொல்வது பல படகுகளில் இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட்டோ ஃபோமோ வைத்ததுதான். துளையின் ஓரத்தில் தண்ணீர் பிளைவுட்டுக்குள் போனால் வெளியே எதுவும் தெரியாது, இரண்டு வருஷம் கழித்து உளுத்துப்போனது தெரியும். முதலில் 3 மி.மீ. பிட்டில் சோதனைத் துளை போட்டு வெளியே வரும் தூளைப் பாருங்கள். மரத்தூள் வந்தால், தண்டுக்கு வேண்டியதைவிட ஒரு சென்டிமீட்டர் பெரிய துளையாகப் போட்டு, உள்ளே இருக்கும் மரத்தை ஓரத்தில் கொஞ்சம் சுரண்டி எடுத்து, எபாக்சி பசையைக் கெட்டியாகக் குழைத்து அடைத்துவிடுங்கள். மறுநாள் அந்த எபாக்சிக்கு நடுவே சரியான அளவில் துளை. போல்ட் துளைகளுக்கும் இதே வைத்தியம்தான்.

தண்டு எதற்கு நேர்குத்தாக இருக்க வேண்டும் என்று கேட்டால், சுவருக்கு என்றுதான் பலரும் சொல்வார்கள். கண்ணாடிக்குத்தான் நேர்குத்தாக இருக்க வேண்டும். கண்ணாடி பின்னோக்கிச் சாய்ந்து, அதற்கு மேலே உள்ள நெற்றிப் பட்டை நிமிர்ந்து நிற்பது சகஜம். சுவரை நம்பித் தண்டை இறக்கினால் பிளேடு ஒரு முனையில் கண்ணாடியை அழுத்தும், மறு முனையில் காற்றில் தொங்கும். கோண வித்தியாசத்தைச் சரிசெய்ய ஆப்பு வேண்டும். மீன் வெட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை இதற்கு அருமையான பொருள், ரம்பத்தில் அறுபடும், தண்ணீர் குடிக்காது, வருஷக் கணக்கில் இருக்கும்.

வெளிப்பக்கம் வரும் ஆப்புக்கும் வாஷருக்கும் அடியில் சீலன்ட் (தண்ணீர் புகாமல் அடைக்கும் பசை) தாராளமாக வையுங்கள். அக்ரிலிக் பக்கத்தில் இருந்தால் நியூட்ரல் சிலிக்கான் மட்டும். பாலிசல்ஃபைடு வகை சீலன்ட் அக்ரிலிக்கில் வெடிப்பு விழவைக்கும். பெட்ரோல், தின்னர் தொட்ட துணியால் அதைத் துடைத்தாலும் சிலந்தி வலை மாதிரி விரிசல் விழும். நட்டை முதல் நாளே முழுசாக இறுக்காதீர்கள், சீலன்ட் எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிடும். பிடிக்கும் அளவுக்கு இறுக்கி, இறுகியதும் மறுநாள் கால் திருப்பு. போல்ட் 316 எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரகம்) வாங்குங்கள். 304 துரு விடாது என்பார்கள், உப்புக் காற்றில் ஒரே மாதத்தில் அதிலிருந்து காவிக் கறை வழியும். மோட்டார் உடம்பு அலுமினியம் என்றால் எஸ்எஸ் போல்டை வெறுமனே திருகாமல் கிரீஸ் தடவித் திருகுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் உப்பில் ஒன்றோடொன்று பூத்துப் பிடித்துக்கொள்ளும், பிறகு கழற்றும்போது போல்ட் தலை கையோடு வரும்.

ஒயர் பற்றிக் கேட்டீர்கள். பேட்டரி பின்னால், வைப்பர் முன்னால், சுவிட்ச் வழியாகச் சுற்றிப் போனால் ஒரு வழிக்கு ஆறு மீட்டர் என்று வைப்போம். கரன்ட் போய் வர வேண்டும், ஆக 12 மீட்டர் செம்பு. மோட்டார் 4 ஆம்பியர் இழுத்தால் 1.5 சதுர மி.மீ. ஒயரில் 0.56 வோல்ட் வழியிலேயே தொலையும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.34 வோல்ட். வைப்பர் மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் மெதுவாக ஓடும், காய்ந்த கண்ணாடியில் திணறும், சூடாகும். 2.5 போடுங்கள், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயராக இருந்தால் மிகவும் நல்லது. சாதாரண வீட்டு ஒயர் உப்புக் காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துப்போகும். இணைப்புகளை முறுக்கி டேப் சுற்றாமல், லக் என்ற உலோக முனையை வைத்து நசுக்கி (கிரிம்ப் செய்து), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் உறை போட்டுச் சூடாக்கிச் சுருக்குங்கள். மோட்டாருக்குள் நுழையும் முன் ஒயர் ஒரு தொங்கல் விட்டு வளைந்து வர வேண்டும், ஒழுகும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். மோட்டாரோடு வரும் தாளில் எத்தனை ஆம்பியர் என்று இருந்தால் அதையே போடுங்கள். பிளேடு எங்கேயாவது சிக்கி மோட்டார் நின்றுபோனால் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு கரன்ட் இழுக்கும், அப்போது ஃபியூஸ் போக வேண்டும், மோட்டார் புகையக்கூடாது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று பெரிய ஃபியூஸ் போடுபவர்களிடம் நான் வாதாடுவதில்லை, அடுத்த வருஷம் புது மோட்டாரோடு வருவார்கள்.

சுவிட்சில் ஒரு நுணுக்கம் உண்டு. மோட்டாரிலிருந்து மூன்று ஒயர் வந்தால், அதற்குள்ளே பிளேடைத் தானாக ஓரத்தில் நிறுத்தும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது என்று அர்த்தம். நீங்கள் சுவிட்சை அணைத்த பிறகும் பிளேடு ஓரத்துக்கு வரும் வரை அந்த உள்சுவிட்ச் கரன்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு பாசிட்டிவ் எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும், வெளிச் சுவிட்சும் அணைத்த நிலையில் அந்த ஓட்டத்தை மோட்டாருக்குத் திருப்பிவிடும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண ஆன்-ஆஃப் சுவிட்சை இந்த பாசிட்டிவில் போட்டால், அணைத்த இடத்திலேயே பிளேடு நிற்கும். தாளில் இருக்கும் வரைபடத்தைப் பார்த்து மூன்று முனை சுவிட்ச் வாங்குங்கள்.

எல்லாம் மாட்டியதும், வைப்பர் கையைத் தண்டில் போடாமல் மோட்டாரை மட்டும் ஓட்டி அணையுங்கள். தண்டு தன் நிறுத்த இடத்துக்கு வந்து நிற்கும். அதன் பிறகு வைப்பர் கையைத் தூண் பக்கமாக வைத்து இறுக்குங்கள். முதலிலேயே கையை மாட்டி ஸ்டார்ட் செய்தால், கை எந்தப் பக்கம் பாயும் என்று உங்களுக்குத் தெரியாது, கேபின் சட்டத்தில் மோதி கியர் பல் உடைந்ததை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். பிளேடு கண்ணாடியை எவ்வளவு அழுத்துகிறது என்பதையும் அளந்துவிடுங்கள்: மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை வைப்பர் கையின் நுனியில் மாட்டி இழுத்தால், 30 செ.மீ. பிளேடு கண்ணாடியை விட்டு எழும்ப ஏறக்குறைய அரை கிலோ காட்ட வேண்டும். கால் கிலோ என்றால் எதிர்காற்றில் பிளேடு தூக்கும். ஒரு கிலோ என்றால் மோட்டார் அழும்.

முதல் ஓட்டம் கரையிலேயே, ஒருவர் குழாயால் தண்ணீர் அடிக்கட்டும். அப்போது காம்பஸையும் பாருங்கள். மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறது. காம்பஸ் பக்கத்தில் இருந்தால் முள் நகரும், ஓடும்போது ஒரு மாதிரி, நிற்கும்போது ஒரு மாதிரி. ஒரு மீட்டராவது தள்ளி இருந்தால் கவலை இல்லை. விஎச்எஃப் ரேடியோவில் 16-ம் சேனலைத் திறந்துவைத்து வைப்பரை ஓட்டுங்கள், கரகரவென்று சத்தம் வந்தால் மோட்டார் பிரஷ்ஷின் தீப்பொறிதான் காரணம். மோட்டார் ஒயரையும் ஆன்டெனா ஒயரையும் ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் பிரித்துவிடுங்கள், அப்படியும் போகாவிட்டால் மோட்டாரை ஒட்டி ஒயரில் இந்த இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டலாம். அந்தத் தீப்பொறிதான் இன்னொரு எச்சரிக்கைக்கும் காரணம். உங்களுடையது பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். வைப்பர் மோட்டார் தலைக்கு மேலே இருப்பதால் பரவாயில்லை, ஆனால் வாஷர் பம்பைப் பெட்ரோல் டேங்க் இருக்கும் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.

நடுக்கடலில் மோட்டார் போய்விட்டால்? சில மோட்டார்களில் தண்டின் உள்முனையில் கையால் ஆட்டும் பிடி இருக்கும். கிடைத்தால் அதையே வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, 1903-ல் அமெரிக்காவின் அலபாமாவைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் காப்புரிமை பெற்ற வைப்பரே உள்ளிருந்து லீவரைக் கையால் ஆட்டும் வகைதான். பெரிய கப்பல்களின் ஜன்னலில் வட்டமாகச் சுழலும் கண்ணாடித் தட்டைப் பார்த்திருப்பீர்கள். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று தண்ணீரை உதறிவிடும், ரப்பரே கிடையாது. ஆசையாகத்தான் இருக்கும், உங்கள் கேபினுக்கு அது யானைக்குக் கட்டும் மணி.

கரைக்கு வந்ததும் கண்ணாடியையும் பிளேடையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், பிளேடுக்கு ஒரு துணி உறை தைத்துப் போடுங்கள். தூத்துக்குடி வெயிலில் ரப்பரைக் கெடுப்பது துடைப்பு வேலை இல்லை, சும்மா காய்வதுதான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வைப்பர் கையைத் தண்டிலிருந்து கழற்றிப் பல்வரிசையில் கிரீஸ் தடவி மாட்டினால், தேவைப்படும் நாளில் சுத்தியல் இல்லாமல் கழன்று வரும்.

இடது பக்கக் கண்ணாடிக்கும் வைப்பர் வேண்டுமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இப்போது வேண்டாம். ஒரு தண்ணீர் பீய்ச்சும் குழாய் மட்டும் அந்தப் பக்கத்துக்கும் பிரித்துவிடுங்கள், அங்கே இருப்பது அக்ரிலிக் என்றால் அப்படியே இருக்கட்டும். ஒயர் இழுக்கும் அன்றைக்கே இடது பக்கத்துக்கும் ஒரு ஜோடி சேர்த்து இழுத்து, நுனியை மூடிக் கட்டிவையுங்கள்.